இல்லை எண்

மாதம் நாற்பத்தோராயிரத்து இருநூறு ரூபாய் சம்பாதிக்கிறேனாம். இதை எனக்குச் சொன்னது ஒரு டப்பா. நாற்பத்தெட்டு நாள் என் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து, என் மின்சாரத்தையே தின்று, கடைசியில் என்னைப் பணக்காரன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போன டப்பா. அந்த நாற்பத்தோராயிரத்தை எங்கே வைத்திருக்கிறேன் என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். பேசாமல் போய் எடுத்துக்கொண்டிருப்பேன்.

என் பெயர் சோலைமலை. மதுரை விளாங்குடியில், மின்வண்டிகளுக்கு பேட்டரி மாற்றிக் கொடுக்கும் நிலையத்தில் வேலை. வண்டி வந்தால் கூலி உண்டு, வராவிட்டால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மழை பெய்தால் வண்டி வராது. நல்ல மாதத்தில் பதினேழாயிரம் தேறும். என் மனைவி காந்திமதி வீட்டிலேயே சேலைகளுக்கு ஃபால்ஸ் தைப்பாள், ஓரம் அடிப்பாள். அதில் ஒரு ஆறாயிரம். மகள் லோசனி ஏழாம் வகுப்பு படிக்கிறாள்.

நாங்கள் குடியிருந்த வீட்டை இடித்துவிட்டு எட்டு மாடி கட்டப் போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். தை பிறந்ததும் காலி செய்ய வேண்டும். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சந்தில் விசாரித்தாலும் வாடகை பதினைந்தாயிரத்துக்குக் கீழே இல்லை. எங்களுக்கு இருந்த ஒரே வழி, நத்தம் சாலையில் அரசாங்கம் கட்டியிருந்த குறைந்த விலைக் குடியிருப்பு. மொத்தம் முந்நூற்று எண்பது வீடு. குடும்பத்தின் மாத வருமானம் முப்பதாயிரத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். எனக்குத் தகுதி இருக்கிறதா என்று என் சட்டைப்பையைக் கேட்டிருந்தாலே அது சொல்லியிருக்கும். ஆனால் சட்டைப்பையைக் கேட்கிற வழக்கம் எந்த ஆபீசிலும் கிடையாது.

முன்பெல்லாம் வருமானச் சான்றிதழ் என்று ஒரு காகிதம் இருந்தது. எல்லாரும் அதில் மாதம் ஆறாயிரம் என்று எழுதி வாங்கினார்கள். காரில் வந்து இறங்கி, கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டு, ஆறாயிரம் ரூபாய்ச் சான்றிதழை நீட்டியவர்கள் உண்டு. அவர்களுக்கு வீடும் கிடைத்தது. அதை வாடகைக்கு விட்டு அவர்கள் இன்னொரு கார் வாங்கினார்கள். ஊரே சிரித்த பிறகு, இனி காகிதத்தை நம்புவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அப்போது வந்ததுதான் டப்பா. அரசாணையில் அதற்குப் பெயர் வாழ்நிலை மானி. எங்கள் தெருவில் அதற்குப் பெயர் ஒட்டுக்கேட்பான்.

சாப்பாட்டு டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். முன்பக்கம் பச்சையும் சிவப்புமாக இரண்டு விளக்கு. மாட்டிவிட்டுப் போனவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இது பேச்சைச் சேமிக்காது. பேச்சிலிருந்து பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு வார்த்தைகளை உடனே அழித்துவிடும், ஆகவே எங்கள் அந்தரங்கம் பத்திரம். என் மனைவி என்னைத் திட்டுவதன் பொருள் மட்டும் சேமிக்கப்பட்டால் எனக்கு என்ன பெரிய நிம்மதி என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டாவது விஷயம், இதன் முன்னால் நடிக்கக்கூடாது. குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுமாம். நடித்தால் சிவப்பு எரியும். மூன்று தடவை சிவப்பு எரிந்தால் விண்ணப்பம் ரத்து, ஐந்து வருஷத்துக்கு அந்தப் பக்கமே தலைகாட்ட முடியாது.

வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: நானும் லோசனியும் அடுக்களைப் பக்கம் வாயே திறக்கக்கூடாது, உளறி வைப்போம். காந்திமதி மட்டும் எப்போதும் போல இருந்துகொள்ளட்டும். அவள் அளந்து பேசுகிறவள், அவளால் வம்பு வராது. அந்த ஏற்பாட்டைச் செய்தது நான்தான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்தெட்டு நாள், ஒரு மண்டலம். நாங்கள் மாலை போட்டுக்கொள்ளாததுதான் பாக்கி. அது முடிந்து ஒரு வாரத்தில் செல்போனுக்குச் செய்தி வந்தது. தங்கள் குடும்பத்தின் உணரப்பட்ட வருமானம் ரூபாய் 41,200. தகுதியின்மை. பத்து நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

யார் உணர்ந்தது? நான் உணரவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் காந்திமதியைக் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன். எனக்குத் தெரியாமல் எங்கேயாவது தைத்துச் சேர்த்து ஒளித்து வைத்திருக்கிறாயா என்று. அவள் என்னைப் பார்த்துவிட்டு, ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மேல்முறையீட்டுக்கு மூன்று தடவை அலைந்தேன். முதல் நாள் கம்ப்யூட்டர் ஓடவில்லை. இரண்டாவது நாள் கம்ப்யூட்டர் ஓடியது, அதிகாரி இல்லை. மூன்றாவது நாள் இரண்டும் இருந்தன, என்னிடம் ரேஷன் கார்டின் ஜெராக்ஸ் இல்லை. அந்த அட்டையைக் கொடுத்ததே அவர்கள்தான், அவர்கள் கம்ப்யூட்டரிலேயே அது இருக்கிறது, ஆனாலும் நான் வெயிலில் நடந்து போய் ஜெராக்ஸ் எடுத்து வந்து அவர்களிடமே கொடுக்க வேண்டும். ஒட்டுக்கேட்கிற டப்பா செய்யத் தெரிந்தவர்களுக்கு இந்த ஜெராக்ஸை ஒழிக்க மட்டும் இன்னும் வழி தெரியவில்லை.

அதிகாரியின் பெயர் மெர்சி செல்வராணி. ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சங்கிலி கோத்த கண்ணாடி. காலையிலிருந்து நூறு பேருக்கு ஒரே பதிலைச் சொல்லிக் களைத்த குரல். நான் பேங்க் பாஸ்புக், கூலிச் சீட்டு, மின்சார ரசீது எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினேன். அவர் ஒன்றையும் தொட்டுப் பார்க்கவில்லை.

“பேப்பர்ல மனுஷன் பொய் சொல்லுவான், சோலைமலை. வீட்டுக்குள்ள சொல்ல மாட்டான். பணம் எவ்வளவு வருதுன்னு இந்த மானி பாக்குறதே இல்ல. வீட்டுல எது இல்லன்னு பேசிக்கிறீங்க, ஒரு நாளைக்கு எத்தனை தடவ இல்லங்கிறீங்க, அதத்தான் எண்ணும். அதுக்குப் பேரே இல்லை எண். உங்க வரும்படி இருக்கிற வீட்டுல ஒரு நாளைக்கு முப்பது வரணும்.”

“எங்க வீட்டுல எத்தன மேடம்?”

“நாப்பத்தெட்டு நாளும் சேத்து ஒண்ணுகூட வரல.”

ஏசி போட்டுத் தூங்குகிற வீட்டிலேயே நாளைக்கு நாலைந்து இல்லை வருமாம். பாதாம் இல்லை, வெண்ணெய் இல்லை என்று. மாவட்டத்திலேயே ஒரு இல்லைகூட இல்லாத வீடு எங்களுடையது ஒன்றுதானாம். இதைக் கண்டு டப்பாவே திகைத்துப்போய், மரியாதைக்கு ஒரு உச்சவரம்பு வைத்து நாற்பத்தோராயிரத்தில் நிறுத்தியிருக்கிறது.

மெர்சி மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையிலிருந்து வாசித்தார். நவம்பர் மூன்று, அரிசி, மிகுதி. நவம்பர் ஒன்பது, நல்லெண்ணெய், மிகுதி. நவம்பர் பத்தொன்பது, உப்பு, துவரம்பருப்பு, மஞ்சள்தூள், சமையல் வாயு, அனைத்தும் மிகுதி.

பத்தொன்பதாம் தேதி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நாலு நாள் விடாத மழை. நிலையத்தில் ஒரு வண்டி இல்லை. வீட்டில் மூன்று பேரும் நொய்க்கஞ்சி குடித்தோம், அதற்கும் உப்பு போதவில்லை. அன்றைக்கா எங்கள் வீட்டில் எல்லாம் மிகுதி? இதை யார் சொன்னது, என்ன வார்த்தையில் சொன்னது, எனக்குக் காட்டுங்கள் என்று மேஜையைத் தட்டினேன்.

வார்த்தை இருக்காது என்றார். அழிந்துவிடும், பொருள் மட்டும்தான் இருக்கும். வார்த்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு, வைத்திருப்பது சரியான பொருள்தானா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

வராந்தாவுக்கு வந்து நின்றேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. காந்திமதி. இரண்டு நாளுக்குப் பிறகு பேசுகிறாள்.

“வரும்போது ரெண்டு கிலோ அரிசி வாங்கிட்டு வாங்க. அரிசி நிறைஞ்சிருக்கு.”

சரி என்று சொல்லி வைத்துவிட்டு நாலு படி இறங்கினேன். ஐந்தாவது படியில் என் கால் நின்றுவிட்டது.

காந்திமதிக்குத் திருநெல்வேலி டவுன். அவர்கள் வீட்டில் அடுக்களையில் நின்றுகொண்டு இல்லை என்ற சொல்லைச் சொல்லவே கூடாது. சொன்னால் லட்சுமி காதில் விழும், இந்த வீட்டில் நமக்கு என்ன வேலை என்று கிளம்பிவிடுவாள். ஆகவே எது தீர்ந்துபோனாலும் அது நிறைந்திருக்கிறது. விளக்கை அணை என்று சொல்ல மாட்டாள், அமர்த்து என்பாள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் உப்பு நிறைஞ்சிருக்கு என்றாள். நான் போய்ப் பார்த்தேன், ஜாடி துடைத்து வைத்தாற்போல் இருந்தது. இவள் என்ன வாய்கூசாமல் புளுகுகிறாள் என்று அன்றைக்கு நினைத்தேன். பதினாறு வருஷத்தில் என் காது பழகிவிட்டது. அவள் நிறைஞ்சிருக்கு என்றால் எனக்கு இல்லை என்றுதான் கேட்கும், கால் தானாகக் கடைக்குப் போகும். அந்த டப்பாவுக்கு வெறும் நாற்பத்தெட்டு நாள்தானே பழக்கம்.

அடுத்த டோக்கன்காரரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். போனை ஸ்பீக்கரில் போட்டு, காந்தி, என்ன வாங்கணும்னு சொன்ன, இன்னொரு தடவை சொல்லு என்றேன். உங்களுக்கு மறதி ஜாஸ்தியாயிட்டு என்று அலுத்துக்கொண்டு, அரிசி நிறைஞ்சிருக்கு, எண்ணெயும் நிறைஞ்சிருக்கு என்றாள்.

மெர்சி மேடம் கண்ணாடியைக் கழற்றினார். உங்கள் மனைவிக்கு எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

“எனக்கும் அந்தப் பக்கம்தான், நாசரேத். எங்க அம்மையும் அப்படித்தான். அரிசிப் பானைக்கிட்ட நின்னு இல்லன்னு சொன்னா முதுகுல ஒண்ணு விழும். வேதக்காரக் குடும்பம்தான், லட்சுமிக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் சொல்லக்கூடாது.”

விஷயம் முடிந்தது, வீடு கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன். எனக்கு எப்போதுமே அவசரம். அவர் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதை எழுத இதில் இடம் இல்லை என்றார். டப்பாவுக்கு இந்தப் பேச்சைச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்றேன். கொடுக்கலாம், அதற்கு மேலிடத்துக்கு எழுத வேண்டும், அவர்கள் ஒரு குழு போட வேண்டும், குழு உட்கார வேண்டும். இரண்டு வருஷம் ஆகும். அதைவிடச் சுருக்கமான வழி ஒன்று இருக்கிறது. டப்பாவை இன்னும் ஏழு நாள் வைக்க அவர் உத்தரவு போடுவார். அந்த ஏழு நாளும் என் மனைவி இல்லை என்று சொன்னால் போதும், ஒவ்வொரு இல்லையும் பதிவாகும்போது பச்சை எரியும்.

ஆக, இயந்திரத்தைத் திருத்துவதற்கு இரண்டு வருஷம். மனுஷியைத் திருத்துவதற்கு ஏழு நாள். எனக்கும் அது அப்போது நியாயமாகத்தான் பட்டது, அதைச் சொல்லாமல் மறைக்க மாட்டேன்.

டப்பா திரும்ப வந்தது. காந்திமதியை உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். முதலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் மன்னித்தாள். இல்லை என்று சொல்ல மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

“அடுப்படியில நின்னுக்கிட்டு எப்படிங்க சொல்ல?”

“அது வெறும் டப்பா காந்தி. அதுக்கு முன்னால சொன்னா ஒண்ணும் ஆகாது.”

“அதுக்கு எல்லாம் கேக்கும்னு நீங்கதான சொல்லுதிய. டப்பாவுக்குக் கேக்குறது லட்சுமிக்குக் கேக்காதா?”

அரசாங்கத்தோடு வாதாடி ஜெயித்தாலும் ஜெயிக்கலாம், லட்சுமியோடு முடியாது.

ஆனாலும் அவள் முயன்றாள். வீடு வேண்டும் என்று என்னைவிட அவளுக்குத்தான் ஆசை. தையல் மெஷினை ஜன்னல் பக்கம் போட ஒரு இடம் வேண்டும் என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள். முதல் நாள் பானையைத் திறந்து பார்த்துவிட்டு, அரிசி அவ்வளவா நிறையல என்றாள். டப்பா சும்மா இருந்தது. பருப்பு போன வாரம் நிறைஞ்ச மாதிரியே இருக்கு என்றாள். அதற்கும் சும்மா இருந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது நாள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அரிசி இல்லை, பருப்பு இல்லை, எண்ணெய் இல்லை. அவள் அதைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பது போல வாசித்தாள். சிவப்பு எரிந்தது. நடிப்பு.

மூன்றாவது நாள் எனக்குப் பொறுக்க முடியவில்லை. இந்த வீட்டுல ஒரு மண்ணும் இல்ல, போதுமா, எழுதிக்கோ என்று டப்பாவின் முகத்துக்கு நேராகக் கத்தினேன். அதற்கும் சிவப்பு. நான் நிஜமாகக் கத்தியது நடிப்பாம். என் நாற்பத்து மூன்று வயதில் அவ்வளவு உண்மையாக நான் எதையுமே சொன்னதில்லை. இரண்டு சிவப்பு ஆகிவிட்டது. இன்னும் ஒன்று எரிந்தால் ஐந்து வருஷம். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன், இருந்தால் அதைத் தூக்கி உடைத்திருப்பேன்.

நாலாவது நாள் சனிக்கிழமை. மறுபடியும் மழை, எனக்கு வேலை இல்லை. லோசனிக்குப் பள்ளிக்கூடம் இல்லை. மத்தியானம் மூன்று பேரும் அடுக்களையில் உட்கார்ந்தோம். பானையில் இருந்தது இரண்டு பேருக்குத்தான் காணும். காந்திமதி எனக்கும் மகளுக்கும் போட்டுவிட்டு, எனக்குப் பசி இல்லை என்றாள். இந்த இல்லையை எங்கள் வீட்டில் சொல்லலாம், இதற்கு லட்சுமி கோபித்துக்கொள்ள மாட்டாள். டப்பாவும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

லோசனி வளர்கிற பிள்ளை. தட்டை வழித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போடும்மா என்று நீட்டினாள். எப்போதும் என்றால் காந்திமதி, பானை நிறைஞ்சிட்டு தாயி என்பாள், பிள்ளையும் எழுந்து கை கழுவப் போய்விடும். அன்றைக்குக் காந்திமதி பானையைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். அப்புறம் பிள்ளையைப் பார்த்தாள்.

“இல்ல தாயி.”

பச்சை எரிந்தது.

லோசனி நீட்டிய தட்டை இழுத்துக்கொள்ளவில்லை. பிறந்ததிலிருந்து அவள் அம்மா வாயில் கேட்டிராத சொல் அது. “என்னது இல்ல?” என்று கேட்டாள்.

“சோறு இல்ல. ராத்திரிக்கு அரிசி இல்ல. எண்ணெய் இல்ல. பள்ளிக்கூடத்துக்குப் போட்டுட்டுப் போக உனக்கு ஒரு நல்ல செருப்பு இல்ல. உங்க அப்பாக்கு வேலை இல்ல. தை பொறந்தா நாம இருக்க வீடு இல்ல.”

அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. பதினாறு வருஷமாக நிறைந்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. பச்சை விளக்கு அணையாமல் எரிந்தது. லோசனி தட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் பயம் வந்துவிட்டது, எனக்குத் தெரிந்தது. தங்கள் வீட்டில் இவ்வளவு இல்லை இருக்கிறது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்று வரை எண்ணினேன். மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. என்னை என்ன சொல்லித் திட்டினாலும் தகும்.

மிச்ச மூன்று நாளும் சிரமமே இல்லை. காலையில் பால் இல்ல என்று ஆரம்பித்தாள். அப்புறம் ஒவ்வொன்றாக, தீப்பெட்டி வரைக்கும். டப்பா பச்சையாகவே எரிந்தது. லோசனி எதையும் இரண்டாவது தடவை கேட்பதை நிறுத்திவிட்டாள். ஏழாம் நாள் டப்பாவைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பத்து நாள் கழித்துச் செய்தி வந்தது. உணரப்பட்ட வருமானம் ரூபாய் 27,800. தகுதி உண்டு. நேரில் வரவும்.

நான் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டேன். காந்திமதியை அவளுடைய நல்ல சேலையைக் கட்டச் சொன்னேன். பஸ்ஸில் போகும்போதே நாலாவது மாடி கிடைத்தால் காற்று வரும், இரண்டாவது மாடி என்றால் ஏறுவதற்குச் சுலபம் என்று பேசிக்கொண்டே போனேன். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மெர்சி மேடம் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். அதிகாரி எழுந்து நின்று நான் பார்த்ததில்லை, எனக்குப் பெருமையாகிவிட்டது. காந்திமதியை உட்காரச் சொல்லி, நீங்கள்தானா அம்மா என்று கேட்டார். டவுனில் எந்தத் தெரு என்று விசாரித்தார். திரையைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார், மறுபடி திரையைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எந்த மாடி மேடம் என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. காந்திமதியின் கையைத் தொட்டார்.

“வீடு நிறைஞ்சிருக்கும்மா.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்து அவருக்கு இரண்டு கையாலும் கும்பிடு போட்டேன். உங்கள் பிள்ளைகுட்டி நன்றாக இருக்க வேண்டும் என்றேன். நாலாவது மாடி என்றால் ரொம்ப நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றேன். அவர் தகுதிச் சான்றில் முத்திரை வைத்து, இதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று காந்திமதியிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு, போயிட்டு வாறோம் என்றாள்.

வெளியே வந்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடை இருந்தது. புது வீட்டில் பால் காய்ச்சும்போது முதலில் உப்பும் மஞ்சளும்தானே கொண்டுபோக வேண்டும், இப்போதே வாங்கி வைத்துவிடுவோம் என்று கடைக்காரரிடம் ஒரு கல்லுப்புப் பாக்கெட்டும் விரலி மஞ்சளும் கேட்டேன். தையல் மெஷினை எந்த ஜன்னலுக்குக் கீழே போடுவது என்று அவளைக் கேட்டேன்.

“வீடு இல்லங்க,” என்றாள்.

நான் சிரித்தேன். “அவங்களே நிறைஞ்சிருக்குன்னு சொன்னாங்களே…” என்று ஆரம்பித்தேன். அப்போதுதான் அந்தச் சொல் என் காதில் சரியாக விழுந்தது.

முந்நூற்று எண்பது வீடும் நிரம்பிவிட்டது. டப்பா இரண்டாவது தடவை எங்கள் அடுக்களையில் உட்கார்ந்து, என் மனைவி இல்லை என்று சொல்லப் பழகிக்கொண்டிருந்த நாட்களில் கடைசி வீடும் போய்விட்டது. நாசரேத்துக்காரிக்கு அதைக் காந்திமதியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. பதினாறு வருஷம் பழகிய என் காது, வேண்டிய நேரத்தில் அந்த டப்பாவின் காதாகிவிட்டது.

கடைக்காரர் பாக்கெட்டை நீட்டிக்கொண்டே நின்றார். வேணுமாண்ணே, வேணாமா என்று கேட்டார். மஞ்சளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாங்கள் இருக்கிற வீட்டுக்காவது உப்பு வேண்டுமா என்று தெரிந்துகொள்ள, காந்திமதியிடம் வீட்டில் உப்பு இருக்கிறதா என்று கேட்டேன். நிறைஞ்சிருக்கு என்பாள் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அதைக் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“இல்ல,” என்றாள்.

அங்கே டப்பா எதுவும் இல்லை. பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் உப்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.